சான்றிதழ் உண்டு, பட்டறை எங்கே?

அந்தமானின் தலைநகரம் போர்ட் பிளேர் என்ற பெயரை இழந்து ஸ்ரீ விஜயபுரம் ஆனது 2024 செப்டம்பரில். அந்த நகரை ஒட்டி, விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் சிற்றூர் புரோத்ராபூர். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் அங்குள்ள மாவட்டச் சிறையை முன்னிட்டுத்தான் தெரிந்திருக்கும். ஆனால் தொழிற்கல்வியைப் பற்றி தில்லியில் பேசப்படும் பேச்சுக்கும் தரையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியை அளக்க விரும்புவோருக்கு, நாட்டிலேயே இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

புரோத்ராபூரைச் சுற்றிச் சில கிலோ மீட்டருக்குள் எல்லாமே இருக்கின்றன. அடுத்த ஊரான டோலிகஞ்சில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. இருக்கிறது. பஹர்காவில், முன்பு பாலிடெக்னிக்காக இருந்து வளர்ந்த டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கராச்சர்மாவில் 1978-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2023 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்ட விமான நிலையம் கூப்பிடு தூரத்தில். இவை போதாதென்று, நெய்வேலி நிறுவனம் மின்கலச் சேமிப்புடன் நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் ஒரு பகுதியும் அதே டோலிகஞ்சில்தான் இருக்கிறது. பள்ளி உண்டு, பயிற்சி நிலையம் உண்டு, கல்லூரி உண்டு, தொழில்நுட்பம் நிறைந்த பணியிடங்களும் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து பயிற்சிக்கும், பயிற்சியிலிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து வேலைக்கும் கைபிடித்து அழைத்துச் செல்லும் பாதைதான் இல்லை.

இந்தப் பாதை இல்லாதது தீவுகளுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. 1952-இல் அமைக்கப்பட்ட லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. அதன்பின் வந்த கோத்தாரி குழுவும், 1978-இல் அறிக்கை தந்த மால்கம் ஆதிசேஷையா குழுவும் மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவை வலியுறுத்தின. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒருபடி மேலே போய், 1990-க்குள் மேல்நிலை மாணவர்களில் 10 விழுக்காட்டினரும் 1995-க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கே நிர்ணயித்தது. இலக்கின் அருகில்கூட நாடு போகவில்லை. 2020-ஆம் ஆண்டின் கொள்கை, 2025-க்குள் குறைந்தது 50 விழுக்காடு மாணவர்களுக்குத் தொழிற்கல்வி அறிமுகமாகியிருக்க வேண்டும் என்றது. 2025-ம் போய்விட்டது. 1986-இல் 'சேர்க்கை' என்று இருந்த சொல் 2020-இல் 'அறிமுகம்' என்று இளகிப்போனதைக் கவனித்தால், அடுத்த கொள்கையில் என்ன சொல் வரும் என்பதை ஊகிக்கலாம்.

மத்திய அரசே 2015-இல் வெளியிட்ட திறன் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், முறையான தொழிற்பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் இந்தியாவில் 4.69 விழுக்காடு என்றும், தென்கொரியாவில் 96 விழுக்காடு என்றும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் குறுகியகாலத் திறன் பயிற்சித் திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர், தமது அறிக்கையை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்தார். அத்திட்டத்தின் பிந்தைய கட்டங்களில் பயிற்சி பெற்றதாகக் காட்டப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ பூஜ்யமாகவோ இருந்தது என்பது அதில் உள்ள செய்தி. பயிற்சியை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் நிர்வாகம் இப்படித்தான் முடியும்.

பள்ளிக்கு வருவோம். அந்தமான் அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அந்த வாரியத்தின் விதிப்படி, பத்தாம் வகுப்பு மாணவர் திறன் பாடம் ஒன்றைக் கூடுதல் பாடமாக எடுக்கலாம். கணிதத்திலோ அறிவியலிலோ சமூக அறிவியலிலோ தவறிவிட்டால், தேர்ச்சிக் கணக்கில் அந்த இடத்தைத் திறன் பாடம் நிரப்பும். மாணவருக்கு உதவும் விதிதான். ஆனால் தொழிற்பாடம் என்பது தோற்றவரைக் கரையேற்றும் தோணி என்ற எண்ணத்தை இது பெற்றோர் மனத்தில் பதித்துவிடுகிறது. கணிதத்தில் தவறியவர் நல்ல எலெக்ட்ரீஷியன் ஆவார் என்று நம்புவதைப் போன்ற பேதைமை வேறில்லை. ஓம் விதியும் சுமைக் கணக்கும் தெரியாதவர் கையில் மின்கம்பியைக் கொடுப்பவர்கள் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

தொழிற்கல்வி என்றாலே தமிழ் வாசகருக்கு எழும் ஐயம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் பெற்ற அது, காமராஜர் முதல்வராகப் பொறுப்பேற்ற 1954-இல் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து, மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2024-இல் மறுத்தபோதும் சொல்லப்பட்ட காரணம் அதுவே: தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போடக் கூடாது. இந்த ஐயம் நியாயமானது. தமிழகம் அதைக் கைவிடத் தேவையில்லை.

ஆனால் அந்தமானின் வரலாறு வேறு. 1858-இல் அங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது, பல மாகாணங்களிலிருந்தும் பல சாதிகளிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். விடுதலைக்குப் பின் அங்கேயே தங்கி, சாதி பார்க்காமல் மணந்துகொண்டவர்களின் வழித்தோன்றல்களே 'உள்ளூர்ப் பிறப்பினர்' என்று அழைக்கப்படும் சமூகம். பீனிக்ஸ் விரிகுடாப் பட்டறைகளில் கைதிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கப்பட்டது. எவருக்கு எந்தத் தொழில் என்பதைத் தீர்மானித்தது குடியேற்றத்தின் தேவை. தகப்பனின் தொழில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 1883-இல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்களை உருவாக்கியது. அடக்குமுறையின் நடுவே நடந்ததுதான் அது, பெருமைப்பட ஒன்றுமில்லை. எனினும் சுதந்திர இந்தியா ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கைதிகளின் குடியேற்றத்துக்கு ஆயிரம் கிலோ மீட்டர் தாண்டித் தச்சனையும் கொல்லனையும் தேடிப் போக வேண்டியதில்லை என்ற நிலையை வெள்ளை அரசு உண்டாக்கியது. குடிமக்களின் தீவுக்கு அந்த நிலை ஏன் இல்லை?

இல்லை என்பதைக் காட்டியது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை நிகோபார் தீவுகளைப் புரட்டிப் போட்ட பிறகு ஏறத்தாழ 9,800 நிரந்தர வீடுகளை மத்திய அரசு கட்டித்தர வேண்டியிருந்தது. எஃகுச் சட்டங்களும் தகடுகளும் பெருநிலப்பரப்பிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைப் பொருத்தும் தொழிலாளர்களும் பெரும்பாலும் கப்பலேறியே வந்தார்கள். வீடு இழந்தவரின் வீட்டைக் கட்டும் கூலியில் வீடு இழந்தவருக்குப் பெரிய பங்கு கிடைக்கவில்லை. மரமும் ஓலையும் கொண்டு உயரத் தூண்களின்மீது வட்ட வீடுகளைக் கட்டவும், பக்கமிதவை பொருத்திய ஹோடிப் படகுகளைச் செதுக்கவும் தெரிந்த நிகோபாரியர்கள், தங்கள் தீவிலேயே 'திறனற்ற தொழிலாளர்' என்ற பட்டியலில் நின்றனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தமிழர்களும் அப்பேரலையின் தாக்குதலுக்குத் தப்பவில்லை.

ஆழிப்பேரலைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. காட்டைக் காக்க அந்த உத்தரவு அவசியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தீவுகளில் இருந்த ஒரே பெரிய தனியார் தொழிலான ஒட்டுப்பலகை ஆலைகள் அந்தக் காலகட்டத்தில் மூடப்பட்டன. அவற்றோடு சேர்ந்து ஓர் இளைஞன் லேத்தும் ரம்பமும் பழகுவதற்கான இடங்களும் மறைந்தன. காட்டுக்கு மாற்று ஏற்பாடு யோசித்தவர்கள் கைக்கு மாற்று ஏற்பாடு யோசிக்கவில்லை.

இன்றைய சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. தமிழகத்தில் ஐ.டி.ஐ. முடித்த பிட்டர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பழகுநராகச் சேரலாம். திருச்சி பெல் நிறுவனத்துக்குப் போகலாம். அம்பத்தூரிலோ ஒசூரிலோ ஒரு சிறு பட்டறையிலாவது கை பழகலாம். அந்தமானில் ரயிலே கிடையாது. தொழிற்பேட்டை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின்கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகள், 30 பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்கின்றன. நிறுவனங்கள் நிறைந்த மாநிலத்துக்கு இது நல்ல சட்டம். பெரிய முதலாளி என்று அரசைத் தவிர வேறு எவரும் இல்லாத தீவுக்கு, அரசே முன்வந்தால் ஒழிய இது வெறும் காகிதம்.

புதிய திட்டத்திலும் அதே பார்வைக் கோளாறு. ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மே மாதம் ஒப்புதல் தந்தது, 'பி.எம். சேது' என்ற பெயரில் அக்டோபரில் அது தொடங்கிவைக்கப்பட்டது. 1,000 அரசு நிலையங்கள். அவற்றில் 200 மைய நிலையங்கள், 800 கிளை நிலையங்கள். மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் துறை 10,000 கோடி. ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு முன்னணித் தொழில் நிறுவனத்தின் பங்கேற்போடு தனி அமைப்பு நடத்தும். தமிழகம் இதற்கு முன்பே டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்திய அனுபவம் உடையது. இத்தகைய ஏற்பாடு அங்கே பொருந்தும். ஸ்ரீபெரும்புதூரில் முன்னணி நிறுவனத்துக்குப் பஞ்சமில்லை. டோலிகஞ்சுக்கு எந்த நிறுவனம் வரும்? வரப்போகும் லாபம் என்ன என்று கேட்காத தொழிலதிபர் யார்?

வர வேண்டியவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். பீனிக்ஸ் விரிகுடாவில் நிர்வாகத்தின் கப்பல் பழுதுபார்ப்புத் தளம் இருக்கிறது. தீவுகளுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் பல அரசினுடையவை. அவற்றில் வெல்டருக்கும் டீசல் மெக்கானிக்குக்கும் ஓயாத வேலை. மின் துறைக்குத் தீவு தீவாக ஜெனரேட்டர்கள். 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த, சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோ மீட்டர் நீளும் கண்ணாடியிழை வடம் ஸ்ரீ விஜயபுரத்தையும் மேலும் ஏழு தீவுகளையும் இணைக்கிறது. கரையில் அதன் இணைப்புகளைப் பராமரிக்கத் தொழில்நுட்பர் வேண்டும். கடற்படைக்குப் பணிமனைகள் இருக்கின்றன. நெய்வேலி நிறுவனத்தின் சூரியத் தகடுகள் ஐ.டி.ஐ. இருக்கும் ஊரிலேயே இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எத்தனை உள்ளூர்ப் பழகுநர்களைச் சேர்த்தன, அவர்களில் எத்தனை பேர் அதே தொழிலில் நிலைபெற்றனர் என்ற கணக்கை அவையில் வைக்கும்படி கேட்பதற்கு ஓர் உறுப்பினர் போதும். நெய்வேலியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை தமிழக உறுப்பினர்களுக்குக் கூடுதலாகவே உண்டு.

கேட்பதற்கு ஆள் குறைவு என்பதும் உண்மை. அந்தமான் நிகோபாருக்குச் சட்டப்பேரவை இல்லை. மாநிலங்களவையில் இடம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். துணைநிலை ஆளுநர் வழியே நடக்கும் நிர்வாகத்தின் செலவு, உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளோடு சேர்ந்து அவைக்கு வருகிறது. பள்ளியின் திறன் பாடத்துக்குக் கல்வி அமைச்சகம் பொறுப்பு. ஐ.டி.ஐ.யின் பாடத்திட்டமும் சான்றிதழும் 2014-இல் தனி அமைச்சகமாக உருவான திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கையில். ஆசிரியர் பணியிடமும் கட்டடமும் உள்துறையின் நிதியில். கப்பல் பணிக்கான பயிற்சி விதிகள் கப்பல் துறை அமைச்சகத்தில். புரோத்ராபூரில் ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கப்பல் எஞ்சின் அறை வரை போக நான்கு அமைச்சகங்களைக் கடக்க வேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடரில் ஒரு சில அமைச்சகங்களின் மானியங்களே விவாதிக்கப்படுகின்றன. மற்றவை 'கில்லட்டின்' முறையில் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன. உள்துறை மானியம் விவாதத்துக்கு வரும் ஆண்டுகளிலும் எல்லைப் பாதுகாப்பும் சட்டம் ஒழுங்கும் நேரத்தை விழுங்கிவிடும். அந்தமானின் ஐ.டி.ஐ. யாருக்கு நினைவு வரும்?

பாடத்திட்டமும் தீவின் மண்ணைப் பார்த்து எழுதப்பட வேண்டும். நாடு முழுமைக்கும் ஒரே சான்றிதழ் இருப்பது நல்லது. அதனால்தான் டோலிகஞ்சில் படித்தவர் சென்னையில் வேலை கேட்க முடிகிறது. ஆனால் தீவுகள் நில அதிர்வு அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் உள்ளன. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் வேகம் பெருநிலத்தின் உட்பகுதியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாட்டின் தனிப்பொருளாதாரக் கடற்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு இத்தீவுகளைச் சூழ்ந்திருக்கிறது. அங்கே மீன்பிடிப் படகின் எஞ்சினைப் பழுதுபார்ப்பதும் குளிர்பதன அறையை நடத்துவதும் பிழைப்புக்கான தொழில்கள். கொத்தனார் பயிற்சியில் நில அதிர்வைத் தாங்கும் கட்டுமானமும், வெல்டர் பயிற்சியில் அரிப்புத் தடுப்பும், மெக்கானிக் பயிற்சியில் படகு எஞ்சினும் கட்டாயமாக வேண்டும். நிகோபாரின் படகுக் கலைஞர்களைப் பயிற்றுநர்களாக அழைப்பதற்கு அவர்களிடம் பட்டயம் இல்லை என்பது தடையாக இருக்குமானால், திருத்த வேண்டியது விதியைத்தான்.

மொழியும் ஒரு தடை. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரின் தாய்மொழி தமிழ். அரசே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே படித்த பிள்ளை ஐ.டி.ஐ. வாசலில் மொழி மாறி நிற்கிறது. ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் தயாரிக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பல் மூன்று நாள் பயணம். தமிழ், வங்கம், தெலுங்கு நூல்கள் வகுப்பறைக்குப் போய்ச் சேருவதற்கு இனிக் கடலைக் காரணம் காட்ட முடியாது.

இவையெல்லாம் இப்போது அவசரமாவதற்குக் காரணம் பெரிய நிகோபார். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் என்று 72,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் வகுக்கப்பட்ட திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. காட்டையும் ஷோம்பென் பழங்குடியினரையும் அது என்ன செய்யும் என்ற கேள்வி தனியாகப் பேச வேண்டியது. அந்த ஆட்சேபங்கள் வலுவானவை. ஆனால் திட்டத்தை ஆதரிப்போர் சொல்லும் முதல் வாதம் வேலைவாய்ப்பு. அந்த வாதத்தை அவர்களின் அளவுகோலாலேயே சோதிக்கலாம். துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை இயக்கவும், பெட்டகங்களைக் கையாளவும், மின்நிலையத்தைப் பராமரிக்கவும் தேவைப்படும் தொழிலாளர் ஒருவர் உருவாக, பள்ளியிலிருந்து கணக்கிட்டால், ஐந்து ஆண்டுகளாவது ஆகும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை இன்று தயார் செய்யத் தொடங்கினால்தான் அவர் அங்கே வேலைக்கு நிற்க முடியும். இல்லையேல் 2004-க்குப் பின் நடந்ததுதான் மீண்டும் நடக்கும்: தகடும் கப்பலில் வரும், தொழிலாளியும் கப்பலில் வருவார், தீவுக்காரர் கரையில் நின்று சுமை இறக்குவார்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பழகுநர் சட்டம் இருக்கிறது. ஐ.டி.ஐ. இருக்கிறது. துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் அரசு வெளியிடும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில், இத்தனை உள்ளூர்ப் பழகுநர்கள், இன்னின்ன தொழில்கள், இந்த ஆண்டிலிருந்து என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதைச் சேர்க்க எந்த ஒப்பந்தக்காரரும் சம்மதிக்க மாட்டார்.